மக்ஷெயின் ஐயரும் அனுதின வேத வாசிப்பும்

ஓராண்டுக்கு வேண்டிய உணவை ஒரே நாளில் உண்டு முடிப்பார் ஒருவருமிலர். உடலின் திறத்தில் யாவரும் அறிந்த இவ்வுண்மையை ஆன்மாவின் திறத்தில் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பண்டிகை நாளில் மிகுதியாக வாசிப்பதும், பரீட்சை நெருங்குங்கால் அஞ்சி வாசிப்பதும், துன்பம் நேர்ந்தவிடத்துத் தேடியெடுத்து வாசிப்பதும் நம்மிற் பலர்க்கு வழக்கமாயிருக்கின்றன. இடைப்பட்ட நாட்களிலோ வேதபுத்தகம் மேசையின்மேல் தூசி படிந்து கிடக்கும். நாள்தோறும் சிறிது என்னும் எளிய ஒழுங்கினைத் தம் சபையார்க்குக் கற்பிக்க முயன்று, அம்முயற்சி தொடங்கிய மூன்றாம் மாதத்திலேயே இவ்வுலக வாழ்வை நீத்த ஓர் இளைஞரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றேன். அவர் பெயர் இராபர்ட் மரே மக்ஷெயின் என்பது. இறக்கும்போது அவருக்கு வயது 29.

மக்ஷெயின் 1813-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் ஸ்காத்லாந்து தேசத்தின் தலைநகராகிய எடின்பரோவிற் பிறந்தார். அவர் தந்தையார் அந்நகரில் நன்மதிப்புப் பெற்ற வழக்கறிஞர். மக்ஷெயின் நான்கு வயதுக் குழந்தையாய் நோயுற்றுத் தேறிவருங்கால், விளையாட்டாகவே கிரேக்க எழுத்துக்களைக் கற்றுக் கற்பலகையில் எழுதிக் காட்டினாராம். 1827-இல் எடின்பரோ சர்வகலாசாலையிற் சேர்ந்தார். கவி புனைதல், ஓவியம் வரைதல், இசை ஆகிய மூன்றும் அவருக்கு இயல்பாய் அமைந்திருந்தன. வகுப்புக்களிற் பரிசுகளும் பெற்றார். நண்பர் கூட்டமும் நடனமும் சீட்டாட்டமும் அவருடைய மாலைப் பொழுதுகளை நிறைத்தன. தீயொழுக்கம் என்று சுட்டத்தக்கது அவர்பால் ஒன்றுமில்லை; ஆனால் ஆழமும் இல்லை. நம்மில் அநேகருடைய கலாசாலை வாழ்க்கையும் அத்தகையதேயன்றோ!

அவருக்குத் தாவீது என்னும் தமையனார் ஒருவர் இருந்தார். தந்தையாரைப் போலவே சட்டத்துறையிற் புகுந்தவர், மெய்யான பக்தியுடையவர். தம்பியின் பொருட்டு நெடுநாள் ஜெபித்து வந்தவர். அவர் நோயினால் நலிந்து, 1831-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8-ஆம் நாள் இறந்தார். அவ்விழப்பு பதினெட்டு வயதினராயிருந்த மக்ஷெயினின் வாழ்வை இரண்டாகப் பிளந்தது எனலாம். அன்புள்ள தமையனை இழந்தபின், இறவாத சகோதரர் ஒருவரைத் தேடலானார். பின்னாளில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 8-ஆம் நாள் வருந்தோறும் தமையனாரின் நினைவு அவருள்ளத்தில் எழாதிருந்ததில்லை. அக்காலத்திலேதான் வேத வாசிப்பும் அவருக்குப் பாடமாக இராது பசியாக மாறிற்று.

அவ்வாண்டின் இறுதியில் அவர் குருத்துவக் கல்வி பெறுமாறு வேதசாஸ்திர வகுப்பிற் சேர்ந்தார். அங்கே ஆசிரியராயிருந்தவர் புகழ் வாய்ந்த தாமஸ் சால்மர்ஸ் பண்டிதர். எபிரேய மொழியையும் கிரேக்க மொழியையும் மக்ஷெயின் ஊன்றிக் கற்றார். ஆந்திரேயா போனர், ஹொரேஷியஸ் போனர், அலெக்சாந்தர் சாமர்வில் முதலிய உடன்மாணவர்களோடு சனிக்கிழமைக் காலைகளிற் கூடி, மூலமொழியில் வேதப்பகுதிகளை ஆராய்வது அவர் வழக்கமாயிற்று. படிப்போடு அவர்கள் நின்றுவிடவில்லை. எடின்பரோவின் பழைய வீதிகளில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த இருண்ட வீடுகளுக்குச் சென்று அவர்களைச் சந்தித்தனர். தம் வீட்டிற்கு இத்துணை அண்மையில் இத்துணை வறுமை உண்டென்பதை மக்ஷெயின் அதுவரை அறிந்திலர். தாம் கற்கும் வேதம் யாருக்கு உரியது என்பதை அவ்வீடுகளில் அவர் உணர்ந்தார். நம் இந்திய நாட்டிற் கல்விப்பணி புரிந்து ஓய்வின்பொருட்டுத் தாயகம் மீண்டிருந்த அலெக்சாந்தர் டப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டு அவர் உள்ளம் பெரிதும் கனன்றது.

1835-இல் பிரசங்கிக்க அனுமதி பெற்று, லார்பர்ட், டனிபேஸ் என்னும் இரண்டு ஊர்களுக்குரிய சபையில் துணைக்குருவாய் ஒராண்டளவு உழைத்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் கேரன் இரும்பாலைத் தொழிலாளரும் அங்கே மிகுதி. ஊழியந் தொடங்கிய சில கிழமைகளிலேயே இருமலும் நெஞ்சுத் துடிப்பும் அவரைப் பற்றின. அந்நோய் பிறகு அவரை முற்றும் விட்டகலவில்லை. 1836-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24-ஆம் நாள், டண்டீ நகரிற் புதிதாய் எழுந்த பரிசுத்த பேதுரு ஆலயத்தின் குருவாக அபிஷேகம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 23. நெசவும் நூற்பும் நிறைந்த தொழில்நகரம் அது. அவர் மேற்பார்வைக்குட்பட்ட பகுதியில் ஏறத்தாழ 4,000 மக்கள் வாழ்ந்தனர். இதற்கடுத்த ஆண்டாகிய 1837-இல் அதே ஸ்காத்லாந்துச் சபையார் அனுப்பிய ஜான் ஆண்டர்சன் ஐயர் சென்னையிற் பள்ளியொன்றை நிறுவினார். அதுவே பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையாக வளர்ந்தது. ஆதலின் மக்ஷெயினை நமக்கு முற்றும் அயலார் என்று கருதுதற்கில்லை.

டண்டீயில் அவர் வாழ்க்கை ஒழுங்கானது. மணம் புரிந்துகொள்ளாத அவருடைய இல்லத்தைச் சகோதரி எலீசா நடத்தி வந்தார். மனிதர் எவர் முகத்தையும் காணுமுன் ஆண்டவர் சமூகத்தில் நிற்றல் வேண்டும் என்பது அவர் கொண்ட விதி. காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரையுள்ள பொழுதே இடையூறு குறைந்தது என்று கண்டு, அதனை ஜெபத்துக்கும் வாசிப்புக்கும் உரியதென வரையறுத்தார். அவ்விதி தமக்கே அடிக்கடி தவறியதையும் அவர் மறைத்தாரல்லர். இரவு நெடுநேரம் விழித்ததனாலோ, காலையில் பிறர் வந்து சந்தித்ததனாலோ அந்நேரம் இழக்கப்பட்டால், அந்நாள் முழுவதும் தம் பேச்சிலும் உழைப்பிலும் உயிரின்மையைக் கண்டு வருந்தினார். ஒழுங்கினை வகுத்தவர் அதனின்று வழுவாதவர் என்று நாம் நினைத்தல் கூடாது. வழுவியதன் துன்பத்தை அறிந்தமையாலேதான் அவர் பிறருக்காக அட்டவணை எழுதத் தகுதி பெற்றார்.

1838-இன் இறுதியில் நோய் மிகுந்து, பெற்றோர் இல்லத்தில் ஓய்வு கொள்ள நேர்ந்தது. அந்நாளில் ஸ்காத்லாந்துச் சபையார் யூத மக்களின் நிலையை அறிந்துவரும்படி நால்வரைப் பலஸ்தீனாவுக்கு அனுப்ப எண்ணினர். கடற்பயணம் உடலுக்கு நன்மை செய்யுமென்று கருதி மக்ஷெயினும் அந்நால்வருள் ஒருவராய்த் தெரிந்துகொள்ளப்பட்டார். மற்றையோர் பிளாக் பண்டிதர், கீத் பண்டிதர், நண்பர் ஆந்திரேயா போனர் என்போர். 1839-இல் புறப்பட்ட அவர்கள் எகிப்திலிருந்து பாலைவனத்தை ஒட்டகத்தின்மேற் கடந்து ஜூன் மாதத்தில் எருசலேமை அடைந்தனர். புத்தகத்தில் நாள்தோறும் வாசித்த மலைகளும் கிணறுகளும் ஊர்களும் கண்முன் நின்றன.

அப்பயணத்தில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று குறிப்பிடத்தக்கது. சீகேமுக்கு அருகே, நம் ஆண்டவர் சமாரிய ஸ்திரீயோடு உரையாடிய யாக்கோபின் கிணற்றைப் போனர் காணச் சென்றார். ஆழத்தை நோக்கிக் குனிந்தபோது அவருடைய வேதபுத்தகம் கைநழுவிக் கிணற்றுள் விழுந்தது. எடுக்க வழியில்லாது அதனை அங்கேயே விட்டு வந்தார்.

திரும்பும் வழியிற் சிமிர்னா அருகே மக்ஷெயின் கடுஞ்சுரத்தால் மரண வாசல்வரை சென்று மீண்டார். அதே காலத்தில் டண்டீயில் அவருடைய இடத்திலிருந்து உழைத்த வில்லியம் பர்ன்ஸ் ஐயரின் பிரசங்கத்தால் பெரிய ஆவிக்குரிய எழுப்புதல் உண்டாயிற்று. நவம்பர் மாதத்தில் மக்ஷெயின் வீடு திரும்பியபோது, அவர் சபையைச் சார்ந்து வாரந்தோறும் 39 ஜெபக்கூட்டங்கள் நடைபெறக் கண்டார். அவற்றுள் ஐந்து சிறு பிள்ளைகள் தாமே நடத்தியவை. தாம் ஆண்டுகளாய் விதைத்த நிலத்தில் மற்றொருவர் அறுவடை செய்ததைக் கண்டு அவர் அழுக்காறு கொள்ளவில்லை, களித்தார். எனினும் எழுப்புதலின் அனல் என்றும் ஒரே நிலையில் எரிவதில்லை. ஒரு நாள் அழுது மனந்திரும்பியவன் மறுநாளும் அதற்கு மறுநாளும் எதனை உண்டு வாழ்வான்? சில ஆண்டுகளுக்குப்பின் மக்ஷெயின் எழுதிய அட்டவணை இவ்வினாவுக்கு விடையாக நிற்கின்றது.

1842-ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில், வரும் ஆண்டுக்குரிய வேத வாசிப்பு அட்டவணை ஒன்றை அவர் தம் சபையார்க்கு எழுதி வெளியிட்டார். அதற்கு அனுதின அப்பம் எனப் பெயரிட்டார். பரிசுத்த வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. அட்டவணைப்படி பழைய ஏற்பாடு ஆண்டில் ஒருமுறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறையும் வாசிக்கப்படும். கணக்கிட்டுப் பார்ப்பின் ஆண்டுக்கு 1,599 அதிகாரங்கள்; நாளொன்றுக்கு நான்கு அதிகாரங்களுக்குச் சிறிது மிகுதி. இரண்டு பகுதிகள் குடும்பமாய்க் கூடி வாசிப்பதற்கும், இரண்டு தனியிடத்தில் வாசிப்பதற்கும் உரியன.

ஜனவரி முதல் நாளின் நான்கு பகுதிகளை நோக்குக. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் உலகின் தொடக்கம். மத்தேயுவின் முதல் அதிகாரம் மீட்பரின் பிறப்பு. எஸ்றாவின் முதல் அதிகாரம் சிறையிருப்பினின்று மீண்ட மக்களின் புது வாழ்வு. அப்போஸ்தலருடைய நடபடிகளின் முதல் அதிகாரம் திருச்சபையின் உதயம். நான்கு தொடக்கங்களோடு ஆண்டு தொடங்குகின்றது.

இதில் வியக்கத்தக்கது யாதெனில், அட்டவணையைக் கொடுத்தவரே அதன் தீமைகளை முதலிற் கூறியதாம். தம் சபையார்க்கு எழுதிய மடலில் அவர் நான்கு ஆபத்துக்களை எடுத்துரைத்தார். முதலாவது, உயிரற்ற வெறுஞ் சடங்காய் வாசிப்பது. இரண்டாவது, குறித்த பகுதியை முடித்தவுடன் தன்னையே மெச்சிக்கொள்வது. மூன்றாவது, அளவை நிறைவேற்றும் பொருட்டுக் கருத்தின்றி ஓடுவது. நான்காவது, சுமக்கலாகாத நுகமாய் அது சிலர்மேல் அழுத்துவது. இவ்வொழுங்கு எவர்க்கேனும் விலங்காய்த் தோன்றுமாயின், அதனைக் கழற்றியெறிந்துவிட்டு ஆண்டவருடைய தோட்டத்தில் தடையின்றி மேய்வதே நலம் என்று அவர் அறிவுறுத்தினார். தம் மக்களுக்குச் சுமையன்று, ஊன்றுகோலே கொடுக்க விரும்பினார்.

பின்னரே நன்மைகளைக் கூறினார். வேதம் முழுவதும் ஒழுங்காய் வாசிக்கப்படும். இன்று எதனை வாசிப்பது என்று ஏடுகளைப் புரட்டிக் காலம் வீணாகாது. பெற்றோர் பிள்ளைகளை வினாவுதற்கு நாள்தோறும் ஒரு பொருள் கிடைக்கும். குடும்பத் தலைவர் முன்னரே அப்பகுதியை வாசித்துச் சிறந்த வசனங்கள் இரண்டொன்றைக் குறித்துக்கொண்டு எளிய வினாக்களைக் கேட்டல் வேண்டும். மந்தை எப்புலத்தில் மேய்கின்றதென்பதை மேய்ப்பன் அறிந்திருப்பான். எல்லாவற்றினும் மேலாக, அன்பின் கட்டு உறுதிப்படும். ஆலைக்குச் செல்லும் பெண்ணும் நோயாற் படுக்கையிற் கிடக்கும் முதியவனும் ஒரே நாளில் ஒரே பகுதியை உண்பர். வீதியிற் சந்திக்கும் இருவர்க்கு அன்று வாசித்ததைக் குறித்துப் பேச இடமுண்டாகும். தனித்திருந்து வாசிப்பவனும் தனியனல்லன். இதுவே அவ்வட்டவணையின் உட்கருத்து என்று நான் எண்ணுகின்றேன்.

1843-ஆம் ஆண்டு பிறந்தது. டண்டீ மக்கள் வாசிக்கத் தொடங்கினர். பெப்ரவரி மாதத்தில் மக்ஷெயின் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் ஊர்தோறும் சென்று ஓய்வின்றிப் பிரசங்கித்துக் களைத்து மீண்டார். அப்போது டண்டீயில் டைபஸ் என்னும் கொடிய காய்ச்சல் பரவியிருந்தது. நோயுற்றோர் இல்லங்களுக்குச் செல்வதை அவர் நிறுத்தவில்லை. மார்ச் மாத நடுவில் அந்நோய் அவரையும் பற்றிற்று. அட்டவணையில் மார்ச் 14-ஆம் நாளுக்குரிய சுவிசேஷப் பகுதி யோவான் நான்காம் அதிகாரம். நண்பர் போனரின் புத்தகம் எக்கிணற்றில் விழுந்ததோ அக்கிணற்றின் வரலாறே அது.

சபையார் கண்ணீரோடு ஜெபித்தனர். காய்ச்சலின் கடுமையால் அவர் அறிவு மயங்கிய வேளையிலும், வாயினின்று வந்தவை பெரும்பாலும் தம் மக்களுக்காகச் செய்த ஜெபங்களே. மார்ச் 25-ஆம் நாள் சனிக்கிழமைக் காலையில் அவர் உயிர் பிரிந்தது. அட்டவணையின் வரிசைப்படி அன்றைய சுவிசேஷப் பகுதி யோவான் பதினைந்தாம் அதிகாரம். திராட்சச்செடியில் கொடிகள் நிலைத்திருத்தலைக் குறித்தது. அன்று துயரத்தோடு குடும்ப ஜெபத்திற் கூடி, மேய்ப்பர் குறித்துவைத்த பகுதியைத் திறந்த வீடுகளை நாம் மனக்கண்ணாற் காணலாம். ஆயிரக்கணக்கான மக்கள் சூழ அவருடல் பரிசுத்த பேதுரு ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவ்வாண்டு மே மாதத்தில், குருமாரைத் தெரிந்துகொள்ளும் உரிமை நிலக்கிழார்க்கோ சபையார்க்கோ என்னும் வழக்குக் காரணமாக, ஸ்காத்லாந்துச் சபையினின்று நானூற்றுக்கு மேற்பட்ட குருமார் விலகிச் சுயாதீன சபையை நிறுவினர். மக்ஷெயினும் அவர்கள் கருத்தினரே. எனினும் அந்நாளைக் காண அவர் உயிரோடில்லை. ஆந்திரேயா போனர் தம் நண்பரின் சரித்திரத்தை எழுதி 1844-இல் வெளியிட்டார். அது பல தேசங்களிலும் வாசிக்கப்பட்டது. யாக்கோபின் கிணற்றில் விழுந்த புத்தகமோ, 1843-ஆம் ஆண்டிலேயே அவ்வழி சென்ற பம்பாய் மிஷனெரியாகிய ஜான் வில்சன் பண்டிதர் கூட்டத்தாரால் வெளியே எடுக்கப்பட்டது. அட்டவணையும் எழுதியவரோடு மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டில் லண்டன் நகரிற் பேர்பெற்ற பிரசங்கிகளாய் விளங்கிய மார்ட்டின் லாயிட் ஜோன்ஸும் ஜான் ஸ்டாட்டும் அதனைக் கைக்கொண்டனர். இன்றும் பல மொழிகளைப் பேசுவோர் ஜனவரி முதல் நாளில் அந்நான்கு தொடக்கங்களையும் வாசிக்கின்றனர்.

இச்சரித்திரத்தை எழுதும் யானும் கற்றுணர்ந்து கைக்கொண்டவன் போல எழுதினேனாயின் அது பொய்யாகும். சென்ற ஆண்டு ஜனவரி முதல் நாள் விடுதி அறையில் இவ்வட்டவணையை ஒட்டிவைத்து வாசிக்கத் தொடங்கினேன். பெப்ரவரி இறுதியில் மூன்று நாட்கள் தவறின. தவறியதை ஈடு செய்யக் கருதி ஒரே இரவில் பன்னிரண்டு அதிகாரங்களை விரைந்து வாசித்து முடித்தேன். கணக்கு நிறைந்தது என்று உள்ளம் களித்தது; மறுநாட் காலையில் அப்பன்னிரண்டில் ஒன்றேனும் நினைவுக்கு வரவில்லை. கருத்தின்றி ஓடுதலும் தன்னை மெச்சுதலும் என்று மக்ஷெயின் கூறிய இரு தீமைகளையும் ஓர் இரவிலேயே செய்து முடித்தேன்! பின்னர் வெட்கமுற்று, சில கிழமைகள் அட்டவணையைப் பாராமலே இருந்தேன். ஆண்டு கெட்டுப்போயிற்று, அடுத்த ஜனவரியிற் பார்த்துக்கொள்வோம் என்பதே என் நினைவு.

அவ்வட்டவணையை எழுதியவர் தாமே அதனை முடித்தாரல்லர் என்பதை அப்போது நான் அறியேன். முந்நூற்று அறுபத்தைந்து நாட்களுள் அவருக்குக் கிடைத்தவை எண்பத்துநான்கே. ஆயினும் அவ்வாண்டு அவருக்கு வீணாயிற்று என்று எவர் சொல்வார்? நேற்று உண்ணாத உணவை இன்று சேர்த்து உண்ணுதல் இயலாது. நாளைக்குரியதை இன்றே உண்ணுதலும் இயலாது. இன்றைக்குரியதை இன்று உண்ணலாம். இவ்வுண்மையை அறிந்த நாளன்று, விடுபட்ட கிழமைகளைக் கணக்கிடாது, அன்றைய தேதிக்கெதிரே குறித்திருந்த பகுதியைத் திறந்து வாசித்தேன். அன்றுமுதல் தவறிய நாட்கள் இல்லையென்று சொல்லேன். தவறியபின் திரும்பி வராத நாட்கள் குறைந்துள்ளன என்றுமட்டும் சொல்வேன்.

மாணவ நண்பர்களே, நாம் நூல் பல கற்கின்றோம். உரைகளை ஒப்பிட்டு, பாடபேதங்களை ஆராய்ந்து, ஒரு சொல்லுக்காக ஓரிரவு விழித்திருக்கின்றோம். அவ்வுழைப்பிற் பத்தில் ஒரு பங்கை நாள்தோறும் காலையில் மறைநூலுக்கு அளிப்போமாயின், நம் கல்வி குறையாது. கற்பவன் உள்ளம் நிறையும். விடுதியில் இருவர் மூவர் ஒரே பகுதியை வாசிப்பாராயின், உணவுக்கூடத்திற்கு நடக்கும்போது பேசுதற்குப் பொருளும் உண்டாகும். ஜனவரி முதல் நாளை எதிர்நோக்க வேண்டுவதில்லை. எத்தேதியாயினும் அதற்கெதிரே நான்கு பகுதிகள் குறிக்கப்பட்டே இருக்கின்றன. இன்றைய பகுதியை இன்றே திறப்போமாக.